இடதுபக்க மட்கார்டு

தோப்பு உழும் சின்ன டிராக்டரைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லி மகள் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பொன்னுரங்கம் பிடிகொடுக்கவில்லை. பழசையே சரிசெய்துகொள்ளலாம் என்று மெக்கானிக் காசிமைத் தோப்புக்கு வரவழைத்தார்.

வண்டியின் இடதுபக்க மட்கார்டு குழிந்திருக்கும். உழவு நடக்கும்போதெல்லாம் அவர் மனைவி ருக்மணி அதன்மேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவாள். இன்ஜின் சத்தத்தில் பாதி காதில் விழாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவள் இறந்த பிறகும் உழும்போது அந்தப் பக்கம் தலை தானாக ஆடியது.

காசிமுக்கு டீ வாங்கிக்கொண்டு அவர் திரும்பியபோது டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தத்தக் கேட்டீங்ளாண்ணா? இன்னும் பல வருசம் ஓடுமுங்க," என்றான் காசிம். "மட்கார்டு குழிஞ்சு அசிங்கமாக் கெடந்துதுங்க. அதையும் தட்டி நிமித்திட்டேன்."

பொன்னுரங்கம் தகரத்தைத் தடவிப் பார்த்தார். பலகைபோல் சமமாக இருந்தது.

"புதுசே எடுத்துக்கறேன் காசிம். இதக் கொண்டுபோய் ஷோரூம்ல விட்டுரு."

"ஏனுங்ணா, நான் பாத்த வேல சரியில்லீங்களா?"

"நல்லாத்தான் பாத்திருக்கற. டீயக் குடிச்சிட்டு எடு. ரோடு வரைக்கும் நான் பின்னாடியே நடந்து வர்றேன்."