மருந்துக்குச் சம்பந்தமில்லை

க்ளினிக்கல் பார்மசி முடித்தவர்களுக்கு அப்போது சுலபமாகக் கிடைத்த வேலை அது. கம்பெனியின் புது மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் உடம்பில் நடப்பதெல்லாம், இருவர் மணிக்கட்டிலும் கட்டிய கைப்பட்டை வழியே, எங்கோ அலுவலகத்தில் இருக்கும் கண்காணிப்பவரின் உடம்பிலும் தெரியும். எது மருந்தால் வந்தது, எது இல்லை என்று எஸ்தர் பிரித்து எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு தவறு செய்துவிட்டாள். மூன்றாவது தவறுக்கு வேலை போய்விடும்.

அன்று மதியம் கரூரில் இருந்த நோயாளி செல்வராணியின் வலி எஸ்தருக்கு வந்தது. முதலில் கன்னத்தில், பிறகு விலாவில், மறுபடியும் அதே விலாவில்.

"பிரஷர் மாத்திரை விலாவுல உதைக்காதும்மா," என்றார் மேலாளர் தேவசகாயம். "சம்பந்தமில்லைன்னு போட்டு மூடு."

"மருந்தாலன்னு போட்டாத்தானே சார் ஆம்புலன்ஸ் போகும்?"

"புருஷன் அடிக்கிறதுக்கெல்லாம் நாம பொறுப்பா?"

அடுத்த உதையில் எஸ்தர் நாற்காலியோடு சரிந்தாள். தரையில் கிடந்தபடியே படிவத்தை இரண்டு முறை சரிபார்த்தாள். 'மருந்தால் வந்த கடும் பாதிப்பு' என்று எழுதி அனுப்பினாள்.

"இது மூணாவது தப்பு. அடையாள அட்டையைக் குடுத்துட்டுக் கிளம்பு."

"கொஞ்சம் இருங்க சார்."

பதினோரு நிமிடம் அடி விழுந்தது. வாயில் ரத்தம் கரித்தது. பிறகு யாரோ அக்குளில் கைகொடுத்து அவளை மெல்லத் தூக்கினார்கள். தேவசகாயம் எட்டத்தில்தான் நின்றிருந்தார்; அறையில் வேறு யாரும் இல்லை.

அதன்பிறகே எஸ்தர் பட்டையைக் கழற்றினாள்.