சம்பந்தி கேட்ட பனியன்

"பொண்ணோட அப்பா வந்தா, நாற்காலியில இருக்கற பனியனைக் கொடும்மா" என்று சொல்லிவிட்டு, மகன் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அம்மா பனியனை எடுத்துப் பார்த்தாள். கழுத்துப் பட்டையைத் தவிர எல்லாம் ஓட்டை. போதாததற்கு ஒரே மண். சம்பந்தியாக வரப்போகிறவரிடம் இதையா நீட்டுவது? அதை வாசலில் கால்மிதியாகப் போட்டாள். அலமாரியிலிருந்து புதுப் பனியன் ஒன்றை எடுத்து மடித்து வைத்தாள்.

மாட்டுப் பண்ணைக்காரரான பெண்ணின் அப்பா, வந்ததும் பனியனைத்தான் கேட்டார். அம்மா பெருமையாகக் கொடுத்தாள். விரித்துப் பார்த்தவர் முகம் தொங்கிப்போனது.

"ஒரு நூல்கூட அறுந்துபோகலையே. மன்னிச்சுக்குங்க, இந்த இடம் சரிவராது."

"இதே மாதிரி இன்னும் அரை டஜன் இருக்குங்க" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள்.

வாசலில் அவர் சட்டென்று நின்றார். குனிந்து கால்மிதியைக் கையில் எடுத்தார்.

"இது யாரோடது?"

"அது... பக்கத்து நிலத்துக்காரரோடதுங்க. காத்துல பறந்து வந்திருக்கும்."

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

அவர் பனியனை விரித்து அம்மாவிடம் ஓட்டைகளைக் காட்டினார்.

"ரெண்டு மாசம் முன்னாடி உங்க பையன்கிட்ட ஒரு புதுப் பருத்திப் பனியனைக் கொடுத்து, நிலத்துல புதைச்சு வைக்கச் சொன்னேன். சாணி விழுந்து மண்ணுக்கு உசிரு வந்திருந்தா, புழு பூச்சியெல்லாம் இப்படித் தின்னு தீர்த்திருக்கும். மழையே இல்லாத இந்தக் காட்டுல இப்படி மண்ணு வெச்சிருக்கறவருக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணு கொடுப்பேன்."

அம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இது என் பையனோடதுதாங்க. நம்பிக்கை இல்லன்னா அவன் வரட்டும், இப்போ போட்டிருக்கறதும் ஓட்டைதான்."