எட்டாத கைப்பிடி

தெருமுனை அடிபம்பின் கைப்பிடியை ஒரு முழம் நீட்டி வெல்டிங் வைத்துவிட்டு, விமானமே செய்து முடித்தவர் போல நிற்கிறார் லேத்துக்காரர். தெருப் பெண்கள் நாங்கள் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கிறோம். குடமெல்லாம் சும்மா சாக்கு. தோள் இரண்டும் இறுகிப்போனதிலிருந்து அவர் மனைவி ஒவ்வொரு குடத்துக்கும் அடித்துத் தரக் கேட்டு எங்கள் வாசலில் நிற்கிறாள். அது அவளுக்கு எவ்வளவு கசக்கிறது என்பதையும் நாங்கள்தான் பேசித் தீர்த்திருக்கிறோம். "இப்ப சின்னப் பிள்ளைகூட அடிக்கலாம், பாரு" என்று பக்கத்தில் நிற்கும் அவளுக்கு அமுக்கிக் காட்டுகிறார். உண்மைதான், இரண்டு விரலுக்கே இறங்குகிறது. விட்டதும் அந்த நீண்ட இரும்பு அவள் தலைக்கு மேலே ஏறி, வெயிலில் மினுங்கிக்கொண்டு நிற்கிறது. அவள் கையைத் தூக்குகிறாள். தோள்மட்டத்துக்கு மேல் அது வரவில்லை. "அமுக்கறத யோசிச்சீங்க. எட்டறத யோசிக்கலையாக்கும்?" எங்களில் ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் தோளில் தொங்கும் துண்டின் நுனியைப் பிடித்து உருவி, "இத அந்த முனையில கட்டுங்க" என்கிறாள். கட்டுகிறார். தொங்கும் துண்டை இடுப்போரமாகப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். உள்ளே கம்பி முனகுகிறது. இன்னொரு இழுப்பு. தண்ணீர் வெறுங்குடத்தின் அடியில் மோதி ஒலிக்கிறது. ஒத்தாசைக்கு நீண்டுவிட்ட என் கையை அவள் பார்க்கிறாள். "நில்லுங்க அக்கா. எனக்கு அப்புறம் நீங்க."