திங்கட்கிழமைக் குழம்பு

“கத்திரிக்கா தின்னா அரிக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ மட்டும்—”

“எங்க ஆத்தா காலத்துல இருந்து வச்ச குழம்பு. ஒருத்தரும் இப்படி—”

“உங்க ஆத்தா வச்சதத் தின்னுதான் உங்கப்பா ஆயுசு பூரா சொறிஞ்சாரு.”

“அவுக சொறிஞ்சது வெயில்ல வேல பாத்து. உங்கள மாதிரி வீட்டுல உக்காந்தில்ல.”

ராஜபாளையத்தில் தோல் டாக்டரின் அறைவாசல். உள்ளே கூப்பிடும்வரைகூடப் பொறுக்காமல் சோலைச்சாமியும் அவர் மனைவி மாரிக்கனியும் மோதிக்கொண்டிருந்தார்கள். காத்திருந்தவர்கள் தங்கள் அரிப்பை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு வேகத்தில் அவிழ்ந்துபோன வெள்ளைக் கொண்டையை மாரிக்கனி மறுபடி முடிந்துகொண்டாள்.

சோலைச்சாமி ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவலி தீர வேண்டும் என்று ஆறு மாதமாகத் திங்கள்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி, மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டுவிட்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்புவார். களைத்து வருகிற மனுஷனுக்கு என்று அன்றைக்கு மட்டும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பாள் மாரிக்கனி. செவ்வாய் காலையில் இடது தோளும் கழுத்தும் செக்கச்செவேலென்று தடித்திருக்கும். நாலு மாதமாக இதே கதை.

முப்பது வருஷம் கேஸ் எழுதின கை அல்லவா. விசாரணை முடிந்து போன வாரம் தீர்ப்பும் சொல்லிவிட்டார்: இனிமேல் வீட்டுச் சாப்பாடு வேண்டாம், மெஸ்ஸிலிருந்து கேரியர் வரும்.

மாரிக்கனிக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த விசேஷம் என்றாலும் குழம்புக்கு உப்புப் பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வீட்டு வாசலிலேயே மெஸ் கேரியர் வந்து இறங்கினால் பிறகு எந்த முகத்தோடு கரண்டியைப் பிடிப்பது? குழம்புதான் காரணம் என்று டாக்டர் சொல்லட்டும், அடுப்பங்கரைப் பக்கமே போகமாட்டேன் என்று சவால் விட்டு அவரை இங்கே இழுத்து வந்தவளே அவள்தான்.

முந்தாநாள் மாரிக்கனி வெளியே காத்திருக்க, டாக்டர் சத்யப்பிரியா, தோலுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க சோலைச்சாமியின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துகளை ஒட்டி, தண்ணீர் படாமல் வரச் சொல்லியிருந்தார். இன்றைக்குப் பிரித்துப் பார்க்கும் நாள்.

உள்ளே ஏசி குளிர்ந்தது. மாரிக்கனி முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒரே ஒரு இடம் மட்டும் காசளவுக்குச் சிவந்து வீங்கியிருந்தது.

“சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சாப்பிட்டது ஒத்துக்கலன்னா இடது தோளு, இடது கழுத்துன்னு இடம் பாத்து வராது. இது தோல்ல ஏதோ பட்டு வந்தது.”

மாரிக்கனி கணவரைப் பார்த்த பார்வையில் நாலு மாதக் குழம்பும் கொதித்தது. கேரியர் இன்றோடு சரி என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். சோலைச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்படி என்னதான் பட்டது என்று கேட்டார்.

தலைச்சாயம் என்றார் டாக்டர்.

சோலைச்சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உருண்டைக் கூழாங்கல்போல மின்னிய வழுக்கையைத் தடவிக் காட்டினார். “நல்லாக் கண்டுபிடிச்சீய டாக்டரம்மா. சாயம் பூச இங்க என்ன கெடக்கு? மீசையக்கூட ரிட்டயர் ஆன அன்னிக்கே எடுத்துட்டேன்.”

டாக்டர் தலை நிமிராமல் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். “நீங்க பூசணும்னு இல்ல. சாயம் பூசின தலை தோள்ல சாஞ்சாலே போதும். தோலுக்கு ஞாபகம் ஜாஸ்தி. ஒரு தடவ ஒத்துக்கலன்னா, அப்புறம் எப்பப் பட்டாலும் மறுநாளே காட்டிக் குடுத்துரும். அதனால அம்மா, நீங்கதான் சாயத்த நிறுத்தணும்.”

சோலைச்சாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. சட்டையை மாட்டியவர் மேல் பொத்தானை மூன்றாவது ஓட்டையில் நுழைத்தார்.

மாரிக்கனி முந்தானையைத் தலையிலிருந்து மெதுவாக இறக்கினாள். நிமிர்ந்து பார்த்த டாக்டரின் பேனா நின்றுவிட்டது. மருந்துக்குக்கூட ஒரு கறுப்பு முடி இல்லாத தலை.

அவள் எழுந்து போய், கணவரின் பொத்தானைக் கழற்றிச் சரியான ஓட்டையில் மாட்டிவிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

“வாற திங்கக்கெழம நானும் கோயிலுக்கு வாரேன்.”