கயத்தாறில் நோன்பு திறந்த நேரம்

‘சென்னையிலிருந்து நடக்க ஆரம்பிச்சு இருபதாம் நாள். கயத்தாறு வந்தாச்சு. கன்னியாகுமரிக்கு இன்னும் நாலே நாள் நடை!’ என்று தன் வலைப்பூவில் ஏற்றியதுமே அசாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்னை சிட்லபாக்கத்து வீட்டில் இருக்கும் தங்கை மாஹிராவுக்குப் போன் போட்டான்.

“எவ்ளோ கமெண்ட்டு?”

“அதுக்குள்ள நாப்பது. நோன்போட நடக்குறியேன்னு தெருவே பேசுது. அத்தா பள்ளிவாசல்ல எல்லார்கிட்டயும் உன் பெருமைதான். போட்டோ எங்கண்ணா?”

“கேமராவுல சார்ஜ் இல்ல. இரு, பாங்கு சொல்றாங்க.” பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

“இங்கயும் இப்பதான் சொல்றாங்க” என்றவளின் குரல் இறங்கியது. “அண்ணா, அத்தா ஊர் ஊருக்கு நோன்பு நேரம் போட்ட அட்டையைப் பாக்குறாரு. கயத்தாறு பக்கம் நோன்பு திறக்க நம்மளவிட பத்து நிமிஷம் லேட்டாமே?”

அசார் மெல்லுவதை நிறுத்தினான்.

போன் அத்தாவின் கைக்கு மாறியது. “நேரத்துக்கு முன்னாடியே நோன்ப முறிச்சிட்டியா, இல்ல பொய் சொல்றியா?”

“நோன்பு முறியல அத்தா. நம்ம தாம்பரத்துலதான் இருக்கேன், பிரௌசிங் சென்டர்ல. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேல கால் வரல, அங்கிருந்தே திரும்பிட்டேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

“பள்ளிவாசலுக்குக் கிளம்பறேன். இன்னிக்கு எங்க நடந்தான்னு கேப்பாங்க. நீயே வந்து சொல்லு.”