சட்டை மட்டும் வேணாம்

“பையன் ஆடட்டும் சார். இந்தச் சட்டை மட்டும் வேணாம்.”

பாட்சாவின் அப்பா அத்தாவுல்லா, சட்டையை மடித்து தேவானந்தத்திடம் நீட்டினார்.

சட்டையின் மார்பில் கொட்டை எழுத்தில் ஒரு சிகரெட்டின் பேர். கீழ்க்கட்டளை ஊர்ப் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்க, அந்தக் கம்பெனியைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவருக்குச் செருப்பு தேய்ந்துபோயிருந்தது. பந்து, பூட்ஸ், சட்டை எல்லாமே அவர்கள் தந்தது. இன்னும் சற்று நேரத்தில் மேனேஜர் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் கோச்சிங் வருஷம் பூரா நடக்கும்.

“பாய், பாட்சாதான் என் கோல்கீப்பர். கடைசி நேரத்துல காலை வாரிடாதீங்க.”

“பழைய பனியனோட ஆடட்டுமே சார்.”

“கம்பெனி ஒத்துக்காது பாய்.”

“அப்ப வேணாம் சார்.”

மகனின் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போயே விட்டார்.

“இன்னா சார் இந்த ஆளு? இவரு பொட்டிக்கடையில விக்கிறதே அந்த சிகரெட்டுதான். கடை போர்டுல கூட அதே பேர்தான் கீது” என்றான், உதவிக்கு நின்ற தயாளன்.

கோபப்படக்கூட நேரமில்லை. மேனேஜரின் அம்பாசடர் கார் வந்து நின்றுவிட்டது.

அவசரத்துக்கு நிறுத்திய புதுக் கோல்கீப்பர், கைக்கு வந்த பந்தையெல்லாம் நழுவவிட்டான். ஒவ்வொரு கோல் விழும்போதும் தேவானந்தம் மேனேஜரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை பசங்களுக்கும் மறுபடி கிழிஞ்ச பந்துதானா?

மேனேஜரோ ஆட்டத்தையே பார்க்கவில்லை. போட்டோக்காரரிடம், “நெஞ்சுல இருக்கிற பேர் தெளிவா விழணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது கை குலுக்கினார்.

“பிரமாதம். வருஷம் பூரா நடத்துங்க.”

போன உயிர் திரும்பி வந்தது தேவானந்தத்துக்கு. ஆனால் அத்தாவுல்லா மேலிருந்த ஆத்திரம் அடங்கவில்லை. சாயங்காலம் சைக்கிளை நேரே அவர் கடைக்கு விட்டார்.

அத்தாவுல்லா யாருக்கோ சிகரெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கடையில் தொங்கிய கயிற்றின் நெருப்பில் பற்ற வைத்துக்கொண்டு நகரும்வரை தேவானந்தம் பொறுத்திருந்தார்.

“கம்பெனி ஒத்துக்கிச்சு பாய். உங்க பையனுக்குத்தான் குடுத்து வைக்கல. பொழுதுக்கும் நீங்க விக்கிறதும் இதுதானே? பையன் நெஞ்சுல இருந்தா மட்டும் கசக்குதா?”

அத்தாவுல்லா கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்:

“விக்கிறவன் நான்தானே சார். நல்லா இருந்தவங்க இருமிக்கினே வந்து வாங்குறதும், அப்புறம் ஒருநாள் வராமலே போயிடறதும் எனக்குத்தானே தெரியும்?”