காலி நாற்காலியின் முறை

அன்று மேசையில் இருந்தவர்கள் மூவர்: பெரியவர் எலிசேயோ, மகள் கிரசியேலா, மருமகன் நெல்சன். பேத்தி சிமேனா மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

"சிமேனாவ மருத்துவ விடுதியில வச்சு வைத்தியம் பாக்கலாம்ப்பா. சாப்பிடவே மாட்டேங்குறா."

"நம்ம வீட்டுப் பொண்ணையா? ஊர் சிரிக்கும்."

"உங்க கௌரவத்தையா அவளுக்கு ஊட்டுறது, மாமா?"

எலிசேயோ தேயிலை போன்ற மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றி, அந்த ஒரே குடுவையை முறைப்படி ஒவ்வொருவரும் குடித்துத் தர நீட்டினார். பழக்கத்தில் சிமேனாவின் காலி நாற்காலி முன்னும் நிரப்பி வைத்தார். எடுத்தபோது குடுவை வறண்டிருந்தது. மறுபடி ஊற்றி வைத்தார், மறுபடி வறண்டது.

"கூட்டிட்டுப் போங்க," என்றார்.

மகளும் மருமகனும் சிமேனாவோடு விடுதிக்குப் போய்விட, இப்போது மாலைகளில் அவரும் அந்த நாற்காலியும்தான். மாத்தே வழக்கத்தில், இனி போதும் என்பவர்தான் நன்றி சொல்வார். சொல்லும்வரை ஊற்றித் தரவேண்டும்.

கிழவர் பேத்தியைத் தலைமுழுகிவிட்டார் என்று சால்தோ ஊரில் பேச்சு. அது பொய். அவள் முறைக்கு வைக்கும் குடுவை வறண்டேதான் திரும்புகிறது. நன்றி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.